விடுதியின் கதையைக் கேட்டு வந்தவர்

சாவியக்காவுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. அதைச் சொல்லி விசாரித்தால் அந்தக் கடலோரச் சிற்றூரில் தபால்காரரே தலையைச் சொறிவார். "பழைய லாட்ஜ் சாவியக்கா" என்றால் துறைமுகத்து நாய்கூட வழிகாட்டும். முப்பத்தொரு சாவிகள் கோத்த இரும்பு வளையம் எந்நேரமும் அவள் இடுப்பில் தொங்கும். அவள் மாடிப்படி ஏறுகிற சத்தம் கேட்டதுமே, அறைக்குள் சிகரெட் பிடித்துக்கொண்டிருக்கிற ஆட்கள் எழுந்து ஓடி ஜன்னலைத் திறப்பார்கள்.

அவளுடைய அம்மா அந்த விடுதியில் சமையல் வேலைக்கு வந்தபோது அவளுக்கு நான்கு வயது. விடுதிக்காரருக்கு ஒரே மகன், அவனுக்கு ஏழு. இரண்டு பேரும் ஒரே சமையலறையில் வளர்ந்தார்கள். ஒரே வாரத்தில் இருவருக்கும் தட்டம்மை கண்டது. வேறு யாரையும் பக்கத்தில் விடக்கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட, ஒன்பதாம் அறையில் பத்து நாள் ஒன்றாகப் படுத்துக் கிடந்து, கூரை மரத்தில் எத்தனை ஆணி என்று எண்ணினார்கள். அன்றிலிருந்து அவளுக்கு அவன் அண்ணன், அவனுக்கு அவள் தங்கச்சி. கூடப்பிறந்தவர்கள் இல்லை என்று வெளியூர்க்காரர்களுக்குச் சொன்னால்தான் தெரியும்.

அவளுடைய பதினெட்டாம் வயதில் அம்மா போய்ச் சேர்ந்தாள். சாவி வளையம் அவள் இடுப்புக்கு வந்தது. இருபத்திரண்டு வருடங்களுக்கு முன்பு பெரியவர், அதாவது அண்ணனின் அப்பா, கண்ணை மூடினார். அதன்பிறகு விடுதியை நடத்தியது பெயருக்குத்தான் அண்ணன். எந்தக் குழாய் எந்த மாதத்தில் ஒழுகும், எந்தக் கட்டில் கனத்த ஆளைத் தாங்காது, யாருக்கு எதிர் அறையில் யாரைப் போடக் கூடாது என்பதெல்லாம் அவள் தலைக்குள் இருந்தது. ஊரை விட்டு ஓடிவந்த ஒரு ஜோடியைத் தேடிப் பெண்ணின் அப்பா வந்து இறங்கியபோது, அந்த மனுஷனை முன்கூடத்தில் உட்காரவைத்து, "பசியோட பேசக் கூடாதுங்க" என்று மீனும் முட்டையுமாகப் பரிமாறிக்கொண்டே இருந்தாள். அவர் மூன்றாம் முறை கை கழுவி வருவதற்குள் ஜோடி பின்வாசல் வழியாகப் பேருந்து ஏறியாயிற்று. மறு வருடம் கைக்குழந்தையோடு வந்து அதே அறையைக் கேட்டார்கள். கூட அந்த அப்பாவும் வந்திருந்தார்.

இப்படி ஓடிக்கொண்டிருந்த வாழ்க்கையில்தான், அவளுடைய ஐம்பத்தெட்டாம் வயதில், ஏழாம் அறைக்கு அந்த மனிதர் வந்தார்.

மழிக்கப்பட்ட முகம், மடிப்புக் கலையாத சட்டை, நடந்தால் தரைக்கு வலிக்குமோ என்பது போன்ற நடை. மூன்று மாதம் தங்கப் போவதாகச் சொன்னார். அண்ணனே மாடிவரை கூட வந்து விட்டுப் போனதும், "தங்கச்சி, சார் நம்ம லாட்ஜோட சரித்திரத்தை எழுதப் போறாரு. புத்தகமா வரும். உனக்குத் தெரிஞ்சதை எல்லாம் சொல்லு. ஒண்ணையும் மறைக்காதே" என்று சொன்னதும் அவளுக்கு நன்றாக நினைவிருக்கிறது.

மறைக்க அவளிடம் என்ன இருந்தது? எப்போதாவது யாராவது ஒரு பழங்கதை கேட்டால் தவிர, நாற்பது வருடமாக அவள் பேசியதெல்லாம் "வெந்நீர் வேணுமா", "சாவிய கவுன்ட்டர்ல குடுத்துட்டு போங்க" என்ற அளவில்தான். இப்போது ஒருவர் எதிரே உட்கார்ந்து, உள்ளங்கையளவு ரெக்கார்டரை மேசைமேல் வைத்து, "அப்புறம்?" என்கிறார். மதியச் சாப்பாடு முடிந்து பாத்திரங்கள் கவிழ்த்தபிறகு தினமும் இரண்டு மணி நேரம். மடை திறந்தது போல் அவள் சொன்னாள்.

முதலில் அது விடுதியே இல்லை. கயிறு வியாபாரி ஒருவரின் கிடங்கு. அதனால்தான் கீழ்ச்சுவர்கள் இரண்டு முழம் கனம். கப்பல்கள் வந்துபோன காலத்தில், காற்றுக்குக் காத்துக் கிடந்த மாலுமிகள் கயிற்றுச் சுருள்மேலேயே படுத்துறங்க, கயிற்றைவிடப் படுக்கையில் லாபம் அதிகம் என்று வியாபாரிக்கு உறைத்தது. மேல்மாடி எழுந்தது. பிறகு ஒரு விஷக்காய்ச்சல் வருடம். ஊர் மருத்துவமனையில் இடம் போதாமல், பதினான்கு அறைகளிலும் நோயாளிகள். காய்ச்சல் போன பிறகும் ஒருவரும் தங்க வரவில்லை. அப்போதைய முதலாளி, அண்ணனின் தாத்தா, குடும்பத்தோடு நான்காம் அறையில் ஒரு மாதம் படுத்து, தினமும் காலையில் ஜன்னலைத் திறந்து தெருவைப் பார்த்துச் சத்தமாகக் கொட்டாவி விட்டாராம். "நாங்க நல்லாத்தான் இருக்கோம்னு ஊருக்குக் காட்டறாராம்!" என்று சொல்லிச் சாவியக்கா சிரித்தாள். ஏழாம் அறைக்காரரும் சிரித்தார். சிரித்துவிட்டு, "சுவர்ல ஏதாச்சும் விரிசல், கிரிசல்?" என்று கேட்டார்.

இருந்தது. இருபத்தாறு வருடத்துக்கு முன்பு ஒரு பெரும் புயல். பட்டப்பகலில் கடல் எழும்பித் தெருவுக்குள் வந்தது. சுற்றுவட்டாரத்துச் சனங்கள் அறுபது பேரை அவள்தான் மேல்மாடிக்கு ஏற்றி, அடுப்பையும் மேலே தூக்கிப்போய் இரண்டு நாள் எல்லோருக்கும் ரொட்டி சுட்டுப் போட்டாள். தண்ணீர் வடிந்தபோது கடல் பக்கத்துச் சுவரில் தரையிலிருந்து தோள் உயரத்துக்கு ஒரு விரிசல் ஓடியிருந்தது. அவளே அவரைக் கூட்டிப் போய்க் காட்டினாள்.

"முதல் தடவை பாத்தப்ப அடிவயிறு கலங்கிடுச்சுங்க. இந்த மாடி எங்க தலையில இறங்கப் போகுதுன்னுதான் நினைச்சேன். ஆனா கொத்தனார் வந்து பாத்தாரு. இதோ பாருங்க, விரிசலுக்குக் குறுக்க கண்ணாடித் துண்டு. ரெண்டு முனையிலயும் சாந்து வச்சு ஒட்டி, சாந்துலயே தேதியும் கீறி வச்சாரு. சுவர் ஒரு மயிரிழை நகர்ந்தாக்கூட கண்ணாடி உடைஞ்சிடும். இருபத்தாறு வருஷமாச்சு. வாரா வாரம் துடைக்கிறேன். ஒரு கீறல் கிடையாது."

அவர் கண்ணாடியைத் தொட்டுப் பார்த்தார். "அற்புதம்" என்றார்.

விடுதியின் கதை தீர்ந்தபிறகு, தன் கதையையும் சொன்னாள். பெரியவர் இறந்த வருடம், கலங்கரை விளக்கத்தில் வேலை பார்த்தவர் ஒருவர் அவளைக் கல்யாணம் செய்துகொள்ளக் கேட்டார். வேறு ஊருக்கு மாற்றலாகிப் போகிறார்; கூட வரச் சம்மதமா என்றார். அவளுக்குப் பிடித்துத்தான் இருந்தது. அண்ணனிடம் சொன்னாள். "நீ போயிட்டா இதை யாரு பாத்துக்குவா தங்கச்சி? அப்பாவும் போயிட்டாரு" என்று அவர் கண் கலங்கினார். அதோடு சரி. முப்பத்தாறு வயதில் மூடிய அந்தப் பேச்சை அதுவரை யாரிடமும் அவள் திறந்ததில்லை. சொல்லி முடித்ததும் வெட்கமாக இருந்தது. "இதெல்லாம் புத்தகத்துல போடாதீங்க" என்றாள்.

"நம்பிக்கையா சொன்னதை நான் வெளியில விடுவேனாம்மா?" என்றார் அவர்.

மூன்று மாதம் முடிந்து அவர் கிளம்பியபோது, வழியில் சாப்பிட ஆறு முட்டை அவித்துக் கொடுத்தாள்.

அதற்கு இரண்டு வாரம் கழித்து அண்ணி, அதாவது அண்ணனின் மனைவி, அவளுக்கு ஒரு புதுப் பெட்டி வாங்கி வந்தாள். சக்கரம் வைத்த நீலப் பெட்டி. "எதுக்கு அண்ணி? நான் எங்க போகப் போறேன்?" என்று சாவியக்கா சிரித்தாள். "இருக்கட்டும். என்னைக்காவது உதவும்" என்று அண்ணி பெட்டியின் கைப்பிடியையே பார்த்துக்கொண்டு சொன்னாள். வழக்கமாக மணிக்கணக்கில் பேசுகிறவள், அன்று தலைவலி என்று போய்விட்டாள். வெளுத்ததெல்லாம் பால் என்று இருக்கிறவளுக்கு அதில் என்ன தோன்றும்? பெட்டிக்குள் பழைய தலையணை உறைகளை அடுக்கி வைத்தாள்.

ஒரு காலை, நகராட்சி ஊழியர் ஒருவர் சுருட்டிய காகிதத்தோடு வாசலில் நின்றார். "அக்கா, ஒரு ஏணி கிடைக்குமா? பசை கொண்டு வர மறந்துட்டேன், கொஞ்சம் மாவு காய்ச்சித் தர முடியுமா?" என்றார். அவள் ஏணியை எடுத்து வந்து, அடுப்பை மூட்டிப் பசையும் காய்ச்சிக் கொடுத்தாள். அவர் ஏறி ஒட்டும்போது ஏணி ஆடாமல் பிடித்துக்கொண்டும் நின்றாள். அவர் டீ குடித்துவிட்டுப் போன பிறகுதான் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்தாள். கட்டடம் இடிந்து விழும் நிலையில் இருப்பதாக வந்த விண்ணப்பத்தின்மேல் விசாரணை. ஆட்சேபம் உள்ளவர்கள் அடுத்த திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு நேரில் வரலாம்.

அண்ணனிடம் ஓடினாள். அவர் செய்தித்தாளை மடிக்கவில்லை. "நகராட்சிக்கு வேற வேலை என்ன? நான் பாத்துக்கறேன். நீ அங்கெல்லாம் வர வேண்டாம்."

அண்ணன் தனியாகப் போய் அதிகாரிகள் முன் நிற்பதா? இப்போது தள்ளாத கிழவராகிவிட்ட அந்தக் கொத்தனாரைத் தேடிப் பிடித்தாள். திங்கட்கிழமை, இருப்பதில் நல்ல உடையை உடுத்தி, கொத்தனாரைக் கைத்தாங்கலாக அழைத்துக்கொண்டு, அண்ணனுக்குத் துணையாகச் சாட்சி சொல்ல நகராட்சி அலுவலகத்துக்குப் போனாள். தான் அவர் கட்சி என்றே கடைசி நிமிடம் வரை நினைத்திருந்தாள்.

உள்ளே நீள மேசைக்கு ஒரு பக்கம் நகராட்சி ஆணையர். நரைத்த முடியைக் குட்டையாக வெட்டியிருந்த பெண்மணி அவர். மறுபக்கம் அண்ணன், அவருடைய வக்கீல், வக்கீலுக்கு அடுத்து மடிப்புக் கலையாத சட்டையில் ஏழாம் அறைக்காரர். அவரைப் பார்த்ததும் சாவியக்காவுக்கு ஒரு நிமிடம் சந்தோஷமாகக்கூட இருந்தது. விடுதியின் சரித்திரம் தெரிந்தவர் ஆயிற்றே, நமக்காகப் பேச வந்திருக்கிறார் என்று நினைத்தாள். அவர் அவளைப் பார்த்துவிட்டுக் காகிதங்களைப் புரட்டத் தொடங்கினார்.

விண்ணப்பத்தோடு இணைத்திருந்த அறிக்கையை ஆணையர் வாசித்தார். "கட்டடத்தை நாற்பது ஆண்டுகளாகப் பராமரித்து வருபவரே, கடல் பக்கச் சுவரின் விரிசலைக் கண்டு அடிவயிறு கலங்கியதாகவும், மாடி தங்கள் தலையில் இறங்கும் என்று அஞ்சியதாகவும் தெரிவித்துள்ளார்." அடுத்த பக்கம். "இப்பராமரிப்பாளர் திருமணம் ஆகாதவர், உறவினர் யாரும் இல்லாதவர். கைகூடாத ஒரு திருமணத்தின் காரணமாகக் கட்டடத்தின்மேல் அளவு கடந்த பற்று வைத்துள்ளார். இவரிடமிருந்து வரும் எதிர்ப்பைப் பொருட்படுத்தத் தேவையில்லை."

சாவியக்காவுக்குக் கூட்டத்தில் நிறுத்தி வைத்து யாரோ மேலுடையை உருவியது போல் இருந்தது. அண்ணனைப் பார்த்தாள். அவர் பேனா மூடியைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருந்தார்.

ஆணையர் நிமிர்ந்தார். "விண்ணப்பம் கொடுத்தது உரிமையாளரே. ஆனா எனக்கு ஒண்ணு புரியல. தன் கட்டடத்தை விக்கறதுக்கு, அது இடியப் போகுதுன்னு ஏன் சான்றிதழ் கேக்கறாரு?"

வக்கீல் தொண்டையைச் செருமினார். "அவங்க அப்பாவோட உயில்ல ஒரு நிபந்தனை இருக்குங்க. கட்டடம் குடியிருக்கத் தகுந்த நிலையில இருக்கிற வரைக்கும், சமையல்காரம்மாவோட மகள் சம்மதிச்சுக் கையெழுத்துப் போடாம விக்கக் கூடாதாம். ஆயுசு முழுக்க அந்த அம்மாவுக்குக் கீழ பின்னறை. பழைய காலத்து மனுஷர், ஏதோ எழுதி வச்சிட்டாரு."

"அந்த அம்மாவுக்கு இது தெரியுமா?"

வக்கீல் அண்ணனைப் பார்த்தார். சாவியக்கா எழுந்தாள். சாவி வளையம் குலுங்கிய சத்தத்தில் எல்லோரும் திரும்பினார்கள்.

"அது நான்தாங்க. எனக்கு இப்பதான் தெரியும்."

ஆணையர் அவளை உட்காரச் சொன்னார். "அறிக்கையில இருக்கிறது நீங்க சொன்னதுதானா?"

இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்று அவளுக்கே தெரிந்தது. ஆனாலும், "நான் சொன்னதுதாங்க. பாதி. மீதிய இவரு எங்கேயோ வழியில விட்டுட்டு வந்திருக்காரு" என்றாள். கண்ணாடித் துண்டைப் பற்றிச் சொன்னாள். ஒட்டியவரையே கூட்டி வந்திருப்பதாகச் சொன்னாள். கொத்தனார் நடுங்கும் குரலில் தேதியைச் சொன்னார். ஆணையர் ஏழாம் அறைக்காரர் பக்கம் திரும்பி, "கண்ணாடி இருக்கா இல்லையா?" என்று கேட்டார்.

"இருக்குங்க. அது அவ்வளவு முக்கியமாப் படல."

நகராட்சிப் பொறியாளர் நேரில் பார்த்துச் சொல்லும்வரை விசாரணையைத் தள்ளி வைப்பதாக ஆணையர் எழுதினார்.

வெளியே நடைபாதையில் ஏழாம் அறைக்காரர் அவளைக் கடந்து போகப் பார்த்தார். அவள் வழியை மறித்தாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தாரோ என்னவோ, "நான் கம்பெனிக்கு வேலை பாக்கிறவன். என் வேலை அது" என்றார்.

"நான் பேசினதை எல்லாம் பதிவு பண்ணீங்களே, அது இப்ப எங்க இருக்கு?"

"இடத்தை வாங்கப் போற கம்பெனிகிட்ட குடுத்தாச்சும்மா."

அவள் விலகி நின்று வழி விட்டாள். அந்த ஆள் மேல் அவளுக்குப் பெரிதாகக் கோபம் வரவில்லை. அவர் மூன்று மாதத்து ஆள். ஐம்பத்து நான்கு வருடத்து ஆள் படிக்கட்டில் நின்றிருந்தார்.

"உன்ன நான் தெருவுல விட்டிருப்பேன்னு நினைக்கிறியா தங்கச்சி?" என்றார் அண்ணன். "சந்தைக்குப் பின்னாடி ஒரு சின்ன வீடு பாத்து வச்சிருந்தேன். சொல்லலாம்னுதான் இருந்தேன்."

"என்கிட்ட கேட்டிருந்தீங்கன்னா அன்னைக்கே கையெழுத்து போட்டிருப்பேனே அண்ணா. என்ன காகிதம்னுகூட படிச்சிருக்க மாட்டேன்."

"கேட்டா நீ அழுவேன்னு நினைச்சேன்."

"அழுதிருப்பேன். அழுதுட்டுப் போட்டிருப்பேன்."

கொத்தனாரை அவர் வீட்டில் கொண்டுபோய் விட்டுவிட்டு, கடற்கரைச் சாலை வழியாக அவள் தனியாக நடந்தாள். கலங்கரை விளக்கத்துக்காரர் கேட்ட அந்த வருடம் நினைவில் வந்து நின்றது. நீ போய்விட்டால் யார் பார்த்துக்கொள்வார்கள் என்று அண்ணன் கண் கலங்கியபோது, அந்த உயில் அவருடைய மேசை இழுப்பறையில்தான் இருந்திருக்கும். உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து ஒரு கை நீட்டும் தூரம். அப்போது வந்த கண்ணீராவது நிஜம்தானா? இவ்வளவு நாள் யோசிக்காத பல விஷயங்களை அன்று யோசித்தாள். நீலப் பெட்டியும் அதில் ஒன்று. உண்ட வீட்டுக்கு ரெண்டகம் செய்தவர்களைப் பற்றி ஊரில் பழமொழி இருக்கிறது. உண்ண வந்தவளுக்கு வீடே செய்கிற ரெண்டகத்துக்குப் பழமொழி இருக்கிறதா என்று அவளுக்குத் தெரியவில்லை.

பொறியாளர் வந்தார். கண்ணாடியை விளக்கடித்துப் பார்த்தார், சுவரைத் தட்டினார், கடப்பாறையால் அடியில் கொஞ்சம் தோண்டினார். இன்னும் ஐம்பது வருடத்துக்கு இதற்கு ஒன்றும் ஆகாது என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். விண்ணப்பம் தள்ளுபடியானது.

ஒரு மாதம் பொறுத்து அண்ணன் அவளுடைய பின்னறைக்கு வந்தார். கூட வக்கீல். கையில் பழக்கூடையும் ஒரு பத்திரமும். மகள் இருக்கும் ஊருக்குப் போய்விட ஆசைப்படுகிறேன், வயதாகிவிட்டது, மனது வை என்றார். தவறு செய்துவிட்டேன் என்ற ஒரு சொல்லைத் தவிர மற்ற எல்லாம் சொன்னார். அவள் அந்த ஒரு சொல்லுக்காகக் காத்திருந்தாள் என்பது அவளுக்கே அப்போதுதான் தெரிந்தது. பேனாவை வாங்கினாள். காகிதத்தின்மேல் கையை வைத்தாள். பிறகு பேனாவை மூடி அவரிடமே நீட்டினாள்.

"முடியல சார்" என்றாள்.

கையெழுத்து கிடைக்காததற்காக அண்ணன் அதிர்ந்தாரா, 'சார்' என்பதற்காக அதிர்ந்தாரா, தெரியாது. வாசல்வரை போய் ஒரு முறை திரும்பிப் பார்த்தார். பழக்கூடையை எடுக்க மறந்துவிட்டார். அவள் அதைச் சமையலறையில் வைத்தாள், வேலையாட்கள் சாப்பிட்டார்கள்.

வீம்பு என்று சிலர் பேசினார்கள். வயதான காலத்தில் அவளுக்கும் ஆசை பிடித்துவிட்டது என்று சிலர். எதிர்ச்சாரியில் டீக்கடை வைத்திருப்பவள் மட்டும் நேராகவே கேட்டாள்: "கையெழுத்தைப் போட்டுட்டு நிம்மதியா இருக்கலாமே அக்கா?" சாவியக்கா வெகுநேரம் யோசித்தாள். "கை வரலடி" என்றாள். உள்ளபடியே அதுதான் காரணம்.

கடைசியில் அண்ணன் விடுதியை ஒரு கணவன் மனைவிக்குக் குத்தகைக்கு விட்டுவிட்டு, அண்ணியோடு மகள் ஊருக்குப் போனார். கிளம்பும் நாளில் அண்ணி மட்டும் பின்னறைக்கு வந்து, அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். சாவியக்கா கையை உதறவில்லை, பிடிக்கவும் இல்லை. சாமான் வண்டி தெருமுனை திரும்பும்வரை அவள் மேல்மாடியில் படுக்கை விரிப்புகளை மாற்றிக்கொண்டிருந்தாள்.

இப்போதும் அங்கேதான் இருக்கிறாள். புதியவர்கள் நல்ல மாதிரி. மரியாதையாக நடத்துகிறார்கள். வேலையில் ஒரு குறையும் வைப்பதில்லை. பேச்சுதான் குறைந்துவிட்டது.

போன மாதம் ஒரு பள்ளிக்கூட வாத்தியார் மனைவியோடு வந்து தங்கினார். பழைய கட்டடம் என்றால் அவருக்கு உயிர். ஏறி இறங்கிப் பார்த்துவிட்டு, "ஏம்மா, எல்லாப் படியும் மரம், அடியில மூணு படி மட்டும் கல்லா இருக்கே, என்ன காரணம்?" என்று ஆர்வமாகக் கேட்டார். அதற்கு ஒரு கதை உண்டு. ஒரு காலத்தில் அதைச் சொல்ல அவளுக்கு அரை மணி நேரம் பிடிக்கும். கேட்பவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள்.

"தெரியலீங்க" என்றாள். "குளிக்க வெந்நீர் இப்பவே போடட்டுமா, சாப்பிட்ட பிறகு போடட்டுமா?"